பால் என்றால் மெஷினுக்கு என்ன தெரியும்

ராசா,

நீயும் அப்பாவும் மாட்டுக்கு வைக்கோல் பார்க்கக் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நீங்கள் திரும்புவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் பம்பாய் கம்ப்யூட்டர் வேலை உத்தரவைத் திணித்து வைத்திருக்கிறாயே, அதோடு சேர்த்து இதையும் வைத்துவிடப் போகிறேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் உற்சாகம் வந்துவிட்டால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. எதிரில் இருப்பவர் பேச இடமே இருப்பதில்லை. நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாயல்லவா? "பம்பாய்க்கு நான் போகலீங்கம்மா. கஞ்சிக்கோட்டு மில்லுல கிளார்க் வேலை இருக்குதாம், அதுக்கே போயிக்கிறேன்" என்று நீ சொன்னதும் நான் ஆரம்பித்துவிட்டேன். அப்பாதான் என்னை அடக்கினார். "ஏம்மிணி, நீயே இத்தன சத்தம் போட்டா பையன் எப்பப் பேசறது? செத்த சும்மா இரு." நானும் இருந்தேன். நீ கை கழுவ எழுந்துவிட்டாய். ரசம் ஆறிப்போனதுதான் மிச்சம். புதன்கிழமை ரயில், இன்று சனிக்கிழமை. அதனால்தான் வேலை பார்க்கும் சென்டரில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு உன் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மேசையை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். முன்பெல்லாம் இதில் எழுத உட்கார்ந்தால் ஊஞ்சலில் உட்கார்ந்தது போலிருக்கும். ஓணம் லீவுக்கு நீ வந்திருந்தபோது அப்பா என்னவோ செய்து சரிப்படுத்தியிருக்கிறார், இப்போது கல் மாதிரி நிற்கிறது. இதன் மேல்தான் நீ கோபத்தில் சுருட்டிப் போட்ட தாள் கிடந்தது. கல்லூரியில் உன் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் போட்டபோது வெளியே வந்த தாள், வரிக்கு வரி பிழை என்று அச்சடித்திருக்கிறதே, அதேதான். அதைப் பார்த்துவிட்டு உங்கள் வாத்தியார், "இத்தனை தப்போட பம்பாய் போய் என்ன செய்யப் போறே?" என்று வகுப்பு முன்னால் கேட்டாராம். உன் நண்பன் அப்பாவிடம் சொல்ல, அப்பா என்னிடம் சொன்னார். நீ சொல்லவில்லை என்று எனக்கு வருத்தம்தான், அது இருக்கட்டும். நான் அந்தத் தாளை நீவிவிட்டு, காலையிலிருந்து மூன்று தடவை படித்தேன். ராசா, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதை எதற்காகச் சுருட்டி எறிந்தாய்? இவ்வளவு நல்ல தாளை நான் பார்த்து நாளாயிற்று. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் கதையைக் கேட்டாக வேண்டும், அம்மா என்றால் சும்மாவா.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஏலப்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தது உனக்குத் தெரியும். தொழிற்சாலை மோட்டாரைப் பழுதுபார்க்க எலப்புள்ளியிலிருந்து வந்த உன் அப்பா மோட்டாரை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததும் தெரியும். உன் அப்பாவின் அந்த ஒரு வேலைதான் இன்று வரை பழுதாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் கேலி செய்வேன். நெருக்கடி நிலை வருவதற்கு முந்தின வருடம் பாலக்காட்டில் கணக்குப் போட்டுத் தரும் சென்டர் ஒன்று திறந்தார்கள். டைப் தெரிந்த பெண்கள் வேண்டும் என்றார்கள், போனேன். அங்கே இருந்தது கார்டில் ஓட்டை குத்தும் மெஷின் மட்டும்தான். கம்ப்யூட்டர் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இருந்தது. பிறர் எழுதித் தரும் வரிகளை நான் கார்டுகளில் குத்துவேன். கார்டுகள் பஸ்ஸில் கோயம்புத்தூர் போகும். விடை மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரும். குத்திக் குத்தியே எனக்கு ஃபோர்ட்ரான் என்ற அந்தக் கம்ப்யூட்டர் மொழியின் வரிகள் புரிய ஆரம்பித்தன. சென்டரைப் பார்த்துக்கொண்ட கல்பாத்தி ராமநாதன் சார் அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இது உங்க ஊர் மழை. ஏலப்பாறை எஸ்டேட்லேர்ந்து வந்திருக்கு. இதுக்கு நீயே எழுதிப் பாரேன். நன்னா வரும் உனக்கு" என்றார்.

வேலை இதுதான். தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. உன் சித்தி இருக்கும் அதே லயம்தான். மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது, காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போக முடியாது. அங்கே ஒரு நடைபாலம் கட்ட எஸ்டேட் சம்மதித்திருந்தது. ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று தெரிந்தால்தான் பாலத்தின் உயரத்தை எஞ்சினியர் முடிவு செய்வார். பல வருட மழைக் கணக்கை மெஷினில் போட்டு அந்த அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் மழை பெய்த நாளுக்குச் சராசரி எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்த ஓடை. என் முதல் புரோகிராம். சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

எழுதி, குத்தி, பிஸ்கட் டின்னில் அடுக்கி, நானே கொண்டுபோகிறேன் என்று பஸ் ஏறினேன். வாளையாறு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மடியில் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? "டின்னில் எந்தா? ஏலக்காயோ?" என்றார் காவலர். "ஏலக்கா இல்ல சாரே, கார்டு. கம்ப்யூட்டருக்குள்ளது" என்றேன். கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. டின்னை வாங்கித் திறந்தார், மூடி இறுக்கமாக இருந்ததால் வேகமாக இழுத்தார், கார்டுகள் அத்தனையும் பஸ் படியிலும் ரோட்டிலும் பறந்தன. பாவம், அவரும் கூடவே குனிந்து பொறுக்கினார். கார்டுக் கட்டின் விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு பென்சில் கோடு இழுத்து வைத்திருந்தால், கலைந்தாலும் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம். அந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை. கோயம்புத்தூர் வரை மடியில் வைத்து அடுக்கிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று நானே நம்பி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வந்த தாளை ராமநாதன் சார் விரித்துப் பார்த்துவிட்டு, "பக்கம் பக்கமா அர்ச்சனை பண்ணியிருக்கே" என்றார். முடிந்தது என்று சொல்லும் கார்டு நடுவில் விழுந்துவிட்டதால், புரோகிராம் அங்கேயே முடிந்துவிட்டது என்று மெஷின் எடுத்துக்கொண்டது. மீதிப் பாதி தலையில்லாத முண்டமாகக் கிடந்தது. நான் அழுதிருக்க வேண்டும், சுற்றி இருந்த பெண்கள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நாம் எழுதியதை மெஷின் பேச்சுக்கு மாற்றித் தரும் கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது, அது என் வரி ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்திருக்கிறது. இது புரிகிறது, இது புரியவில்லை என்று நம்பர் போட்டுச் சொல்லியிருக்கிறது. எஸ்டேட் ஆபீசில் ஓர் எழுத்து தப்பாக அடித்தால் தாளைக் கிழித்து முகத்தில் எறிவார்கள், எந்த எழுத்து என்று சொல்ல மாட்டார்கள். என்னை இதுவரை யாரும் இவ்வளவு பொறுமையாகத் திருத்தியதில்லை ராசா. அன்றைக்கே ஒன்று கற்றுக்கொண்டேன். கம்பைலர் தான் தடுக்கி விழுந்த இடத்தைத்தான் சொல்லும். தடுக்கிய கல் எங்கே கிடக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும். பெரும்பாலும் அது இன்னும் மேலே கிடக்கும்.

அதே கல்லூரியில் ஓர் ஓரமாக டைப்ரைட்டர் மாதிரி ஒரு மெஷின் இருந்தது. அதில் வரியை அடித்து ஓட்டினால் ஒவ்வொரு வரியாக எடுத்து அந்த நிமிடமே செய்து காட்டும். அதற்கு இன்டர்பிரெட்டர் என்று பெயர் சொன்னார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன், ஒரு பையன் என்னென்னவோ சொன்னான், மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. புதிதாக ஒரு பலகாரம் செய்யும்போது நான் செய்முறையைப் படிக்கப் படிக்க உன் பெரிய அத்தை கேட்டுக்கொண்டே செய்வாரே, அவர் இன்டர்பிரெட்டர். மாவைக் கொட்டு என்றால் கொட்டிவிடுவார். அடுத்த வரியில் ஏதாவது தப்பிருந்தால், "இரு அம்மிணி, இதென்ன சொல்றே, ஒண்ணும் வெளங்கலியே" என்று கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அதற்குப் பிறகு இருக்கும் தப்புகள் அவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் அங்கே போகவே இல்லை. அதுவரை கொட்டிய மாவு மட்டும் பாத்திரத்தில் கிடக்கும். உன் அப்பா கம்பைலர். முழுச் செய்முறையையும் தலையாட்டாமல் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, இது சரியில்லை, அது சரியில்லை, நெய் எவ்வளவு என்று சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் அடுக்குவார். அதெல்லாம் சரியாகும் வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். இரண்டு பேரோடும் குடித்தனம் நடத்தியவளுக்கு இந்தப் பாடம் எவ்வளவு சுலபம் பார்.

கார்டுகளை அடுக்கி, கோடு இழுத்து, திரும்பப் போட்டேன். கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் கண்ணாடியில் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டேன். ஆனால் ஓட்டிப் பார்த்தால், டிசம்பர் வரை ஒழுங்காகச் சராசரி போட்டுக்கொண்டு வந்த மெஷின் அடுத்த ஜனவரியில் நின்றுவிட்டது. சுழியால் வகுக்க முடியாது என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஜனவரியில் ஏலப்பாறையில் ஒரு துளிகூடப் பெய்யவில்லை. மழை பெய்த நாட்கள் சுழி; மொத்த மழையைச் சுழியால் வகு என்று நான் சொல்லியிருக்கிறேன். "ஏம்மா, மழை பெய்யலேன்னா மெஷின் நின்னுடுத்தே, இதென்ன கூத்து?" என்றார் ராமநாதன் சார். கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. அது படிக்கும்போது என் வரியில் இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. அந்த மாதம் மழை பெய்யுமா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஓடும்போதுதான் தெரியவரும் பிழை இது, மழைக் கணக்கு உள்ளே வந்த பிறகுதான் தலைகாட்டும். மழை நாள் சுழியாக இருந்தால் வகுக்காதே என்று ஒரே ஒரு கார்டைச் சேர்த்தேன். அதன் பிறகு முதலிலிருந்து கடைசி வரை ஓடியது. விடையும் வந்தது. ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை இவ்வளவு என்று பளிச்சென்று கடைசி வரியில் நின்றது. சென்டரில் எல்லோருக்கும் பரிப்புவடை வாங்கிக் கொடுத்தேன். நீயும் அன்றைக்குத் தின்றாய், எதற்கு என்று கேட்காமலே தின்றாய்.

பத்துப் பதினைந்து நாளில் எஸ்டேட்டிலிருந்து பதில் வந்தது. இவ்வளவு மழை ஒரே நாளில் பெய்யும் என்றால் நடைபாலம் தாங்காது, பெரிய பாலம்தான் வேண்டும், அதற்கு எஸ்டேட்டால் ஆகாது, எனவே யோசனையைக் கைவிடுகிறோம் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டாராம்.  சித்தியிடம் என்ன சொல்வது? உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று என் புரோகிராம் சொல்லிவிட்டது என்றா? அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தப்பு இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பெரிய மழைகள் எந்தெந்த நாளில் பெய்தன, நான் ஊரில் இருந்தபோது பெய்ததா, எனக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கத்தான் பழைய காலண்டர்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் பெரிய மழை ஒரு திங்கட்கிழமை. அடுத்ததும் திங்கட்கிழமை. அதற்கடுத்ததும். ஆடி மாதம் அடை மழையில்கூட ஞாயிற்றுக்கிழமை தோறும் சுழி. நாற்காலி பின்னால் விழுகிற வேகத்தில் எழுந்தேன்.

"என்னாச்சு, பல்லி விழுந்துடுத்தா?" என்று ராமநாதன் சார் ஓடி வந்தார். "சார், எங்க ஊர்ல ஞாயித்துக்கெழம மழையே பெய்யாதாம் சார்" என்றேன். "அங்கே மழைக்கும் லீவு உண்டோ?" என்றார் அவர்.  எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மழைக்கு லீவு இல்லை, அந்தோணி அண்ணனுக்குத்தான் லீவு. எஸ்டேட் ஆபீசுக்குப் பின்னால் மழை அளக்கும் குப்பி இருக்கும். தினமும் காலையில் அந்தோணி அண்ணன்தான் போய் அளந்து சொல்வார். ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்குப் போனாரென்றால், சொந்தக்காரர் வீடெல்லாம் பார்த்துவிட்டு வர அந்தி சாய்ந்துவிடும். அன்று யாரும் அளக்க மாட்டார்கள். ஆபீசில் இருந்தபோது நானே கேட்டிருக்கிறேன். "ஏண்ணே, நேத்து அளக்கலயா?" என்றால், "எங்க போயிரும்? குப்பியிலதான கெடக்கு. இன்னைக்கு அளந்தா அதுவும் சேர்ந்து வந்துரும்லா" என்பார். அவர் சொன்னதில் என்ன தப்பு? மாதக் கடைசியில் மொத்தம் சரியாகத்தான் இருக்கும். தேயிலைக்கு மொத்தம்தான் வேண்டும். ஒரு நாள் மழை தனியாக வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தை வெறுமையாக விட்டு அந்த மழைத் தாள்களை டைப் அடித்ததும் நான்தான், பல வருடம் கழித்து அதே வெற்றிடத்தைக் கார்டில் வெற்றிடமாகவே குத்தியதும் நான்தான். அந்த வெற்றிடத்தை மெஷின் சுழி என்று படித்தது. அளக்கவில்லை என்பதும் மழையே இல்லை என்பதும் அதற்கு ஒன்றுதான்.

இந்த மூன்றாவது வகைப் பிழையை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. கம்பைலர் குறை சொல்லவில்லை. ஓடும்போது மெஷின் நிற்கவில்லை. விடை அழகாக, நேராக வந்தது. ஆனாலும் தப்பு. இதைக் கண்டுபிடித்துத் தர ஒரு மெஷினும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அந்தோணி அண்ணன் எங்கே போவார் என்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும், அல்லது பெரிய மழை எல்லாம் திங்கட்கிழமையே பெய்கிறதே என்று உறுத்துகிற ஓர் ஆள் வேண்டும். ஞாயிறு வெறுமையாக இருந்தால் திங்களை ஒரு நாள் மழையாக எடுக்காதே என்று எழுதினேன். பக்கத்து எஸ்டேட்டின் கணக்கையும் வாங்கி ஒத்துப் பார்த்தோம். புதிய அளவு பழையதைவிட எவ்வளவோ குறைவு. அதையும் காரணத்தையும் எழுதி அனுப்பினோம். அடுத்த மழைக்கு முன்னால் பாலம் வந்துவிட்டது. போன பொங்கலுக்குச் சித்தி வீட்டுக்குப் போனபோது அதன் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கரும்பு தின்றாயே, அந்தப் பாலம்தான்.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். மாட்டுப்பட்டிப் பண்ணை மாடுகளின் பால் கணக்கு. கொஞ்சமும் குழப்பம் இல்லாமல் எழுதியிருக்கிறாய், என் வரிகளைவிட உன் வரிகள் சுத்தம். பிழை என்று அச்சிட்ட ஒவ்வொரு வரியையும் பென்சிலால் கோடிட்டுப் பார்த்தேன். எல்லா வரியிலும் ஒரே பெயர்தான் வருகிறது, பால். ஒவ்வொரு மாட்டின் அளவையும் வரிசையாக அடுக்கி வைக்க நீ வைத்த பெயர். அந்தப் பெயர் வராத ஒரு வரியில்கூடப் பிழை இல்லை. பால் என்றால் ஒரு வரிசை, அதற்கு இத்தனை இடம் ஒதுக்கு என்று முதலிலேயே சொல்லும் டைமென்ஷன் கார்டு உன் தாளில் இல்லை ராசா. அதைச் சொல்லாவிட்டால் பால் என்றால் மெஷினுக்கு என்ன தெரியும்? பார்க்கிற இடத்தில் எல்லாம் இது யார், இது யார் என்று கேட்டிருக்கிறது. பக்கம் நிறைய இருக்கிற உன் தப்பு மொத்தமும் ஒரு கார்டு. மற்ற கார்டுகளைக் குத்தும் அவசரத்தில் அந்த ஒன்றைக் குத்த மறந்திருப்பாய். தாளை நீ முழுதாகப் படிக்கவே இல்லை, நீளத்தைப் பார்த்துவிட்டுச் சுருட்டிவிட்டாய். வாத்தியாரும் நீளத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

இருப்பதிலேயே சாதுவான பிழைக்குப் பயந்து மில்லுக்குப் போகிறேன் என்கிறாய். வாய் திறந்து கத்துகிற பிழையால் யாருக்கும் கெடுதல் வராது, அதைத் திருத்தாமல் அடுத்த அடி வைக்கவே விடாது. நீ பயப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு குறையும் சொல்லாமல் விடை வந்து நிற்கும்போது பயப்படு. அப்போது தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இது நிஜமா, இந்த ஊரில் இப்படி நடக்குமா என்று கேள். பம்பாயில் நீ போடப் போகிற கணக்குக்குப் பின்னாலும் யாராவது ஓர் அந்தோணி அண்ணன் இருப்பார். அவர் எந்தக் கிழமை எங்கே போகிறார் என்று போய் விசாரி, கூச்சப்படாதே. மில் வேலையைத் தாழ்வாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. உனக்கு அது பிடித்திருந்தால் நானே சோறு கட்டித் தருவேன். ஆனால் எட்டாம் வகுப்பு படிக்கும்போதே என் பழைய கார்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எந்த ஓட்டை எந்த எழுத்து என்று கண்டுபிடித்துக் கத்தியவன் நீ. உனக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? உன்னைப் பிரிந்து இருப்பது எனக்குச் சுலபமில்லை. அப்படியும் போ என்கிறேன் என்றால் யோசித்துப் பார்.

இதை இங்கே முடித்து மடிக்கலாம் என்று பேனாவை மூடப் போனேன். மூடி கை தவறி மேசைக்கு அடியில் உருண்டுவிட்டது. எடுக்கக் குனிந்தேன். நம் வீட்டில் கார்டு இல்லாத இடம் எது? கடிகாரம் சாயாமலிருக்க ஒன்று, ஜன்னல் அடிக்காமலிருக்க ஒன்று, எது ஆடினாலும் அப்பா என் பழைய கார்டை மடித்துச் செருகிவிடுவார். இந்த மேசைக்காலுக்கு அடியிலும் அப்படி ஒன்று. ஆனால் நம் சென்டர் கார்டு வெறும் மஞ்சள். இதன் ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஓடுகிறது. இது உங்கள் கல்லூரிக் கார்டு. மேசையை முதுகால் முட்டித் தூக்கி அதை உருவினேன். மேல் விளிம்பில் அச்சிட்டிருந்த எழுத்தைப் படித்தேன். டைமென்ஷன், பால்.

நீ மறக்கவில்லை ராசா. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. ஓணம் லீவில் கார்டுகளை மேசை மேல் பரப்பி வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாயே, பிள்ளை எழுதும் மேசை ஆடுகிறதே என்று உன் அப்பா கையில் அகப்பட்ட ஒன்றை எடுத்துச் செருகியிருக்கிறார். கம்பைலர் இதை எங்கே போய்க் கண்டுபிடிக்கும்? நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். அப்பாவிடம் நீ ஒன்றும் கேட்காதே. நானும் சொல்ல மாட்டேன். இது தெரிந்தால் அவர் ஒரு வாரம் சாப்பிட மாட்டார்.

கார்டை இதோடு வைத்திருக்கிறேன். மடிந்த கார்டை மெஷின் எடுக்காது, பார்த்துப் புதிதாக ஒன்று குத்திக்கொள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போய், கல்லூரியில் திரும்பவும் ஓட்டு. வாளையாறில் டின்னை நீயே திறந்து காட்டிவிடு. ஓடினால் அந்தத் தாளை வாத்தியாரிடம் காட்ட வேண்டாம், நேராக வீட்டுக்குக் கொண்டுவா. வேறு பிழை வந்தால் அதையும் கொண்டுவா, புதன்கிழமைக்குள் இருவரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

கடைசி மூன்று பத்திகளில் என் எழுத்து கோணல்மாணலாகப் போயிருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று நினைத்துவிடாதே. கார்டை உருவிவிட்டேன் அல்லவா, உன் மேசை ஆடுகிறது.

அம்மா